நிப்பாட்டிப் பார்க்கிறவர்

பழுதாகிக் கிடந்த ஒரு சாமான் திரும்ப ஓடத் தொடங்கினால் எல்லோருக்கும் முகம் மலரும். கம்பியூட்டர் திருத்த வருகிற அவருக்கு மட்டும் சுருங்கும். ஓடுகிற சாமானுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். காய்ச்சல் விட்டதா என்று பார்ப்பவர்போல அதன்மேல் உள்ளங்கையை வைப்பார். சுற்றி நிற்கிறவர்கள் மூச்சு விட்டு முடியுமுன்னே அதை நிப்பாட்டிவிடுவார்.

"ஒருக்கா வந்ததை நம்பேலாது" என்பார்.

அவரைக் கண்டால் எனக்குப் பயம். பயம் எனக்குப் புதிது இல்லை. வாசல் மணி அடித்தால் பயம், பிரெஞ்சில் தபால் வந்தால் பயம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பழக்கம் இல்லை. ஆனால் அவர் தந்த பயம் வேறு. வேலை செய்கிற ஒன்றைக் கையிலிருந்து பிடுங்கிவிடுவாரோ என்ற பயம் அது.

என் வீட்டுக்காரர் அப்போது, நாங்கள் வந்து குடியேறிய பிரெஞ்சு நகரத்தின் ஓரத்தில், கர்க்லாண்டில் ஒரு சின்ன முதியோர் இல்லத்தில் இருந்தார். பெரிய வீடு ஒன்றை அறை அறையாகப் பிரித்து, நம்முடைய ஆட்களுக்கென்று நடத்தினார்கள். அவருக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. வலது கையும் காலும் போய்விட்டன. ஜான்-டலோன் சந்தையில் பெட்டி பெட்டியாக மரக்கறி இறக்கிய மனிதரிடம் மிஞ்சியது இடது கைப் பெருவிரல் ஒன்றுதான். அந்த விரலுக்குப் பக்கத்தில், கட்டில் விளிம்பில், ஒரு மணிப் பொத்தானைக் கட்டிவைத்திருந்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றாலும், திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும், மூச்சு முட்டினாலும் அந்தப் பொத்தான்தான் அவருடைய வாய்.

நான் நகரத்துக்குள்ளே பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன். காலையில் பஸ் மாறி மாறி அங்கே போவேன், இருட்டியதும் பஸ் மாறி மாறித் திரும்பி வருவேன். இரவு தங்க விடமாட்டார்கள். ஆகவே இரவு முழுவதும் அவருக்கு நான் இல்லை, அந்தப் பொத்தான்தான்.

பொத்தானை அமத்தினால் கீழ் மாடியில், வாசலோடு இருக்கும் மேசையில், ஒரு பழைய கம்பியூட்டர் கீக் கீக் என்று கத்தும். திரையில் அறை நம்பர் சிவப்பாக வரும். பராமரிக்கும் பிள்ளை பார்த்துவிட்டு மேலே ஓடி வருவாள். அந்தப் பழைய பெட்டி கத்தாவிட்டால் பொத்தானை அமத்துவதும் அமத்தாமல் விடுவதும் ஒன்றுதான்.

அந்தப் பெட்டியைப் பற்றி, அதைத் திருத்த வந்த அந்த நிப்பாட்டுகிறவர் பிறகு எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு விளங்கிய ஒரே கம்பியூட்டர் பாடம் அது.

"அம்மா, இதுக்குள்ளை ஒண்டும் இல்லை. மற்றக் கம்பியூட்டருக்குள்ளை எல்லாத்தையும் எழுதி வைக்க ஒரு தட்டு இருக்கும். இதுக்கு அது இல்லை. நிப்பாட்டினால் எல்லாத்தையும் மறந்துபோம். போட்டவுடனை தான் ஆர், என்ன வேலை எண்டு ஒண்டும் தெரியாமல் முழிக்கும். வயரிலை கூப்பிட்டுக் கேக்கும், ஆராவது இருக்கிறியளோ எண்டு. கீழை நிலவறையிலை ஒரு பெரிய பெட்டி கிடக்கு. அது பதில் சொல்லும், உன்ரை நம்பர் இது, உன்ரை வேலை இது, இந்தா பிடி எண்டு. அதுக்குப் பிறகுதான் இது எழும்பும்."

"பதில் வராட்டி?"

"வராட்டி அப்பிடியே நிக்கும். கறுத்த திரையிலை ஒரு கோடு மின்னிக்கொண்டு கிடக்கும். நீங்கள் பாத்திருப்பியள்."

பார்த்திருந்தேன். அந்த மின்னுகிற கோட்டை நான் கனவிலும் கண்டிருக்கிறேன்.

முதலில் கண்டது ஒரு பின்னேரம். மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். மேசையில் யாரும் இல்லை, பெட்டியின் திரை கறுப்பாகக் கிடந்தது, கோடு மின்னிக்கொண்டிருந்தது. அதன் பொருள் எனக்குத் தெரியாது. மேலே போனேன். என் வீட்டுக்காரர் தலையணையிலிருந்து சரிந்து, கழுத்து மடிந்து, வாயோரத்தில் எச்சில் வடியக் கிடந்தார். கண்கள் கதவையே பார்த்தபடி இருந்தன. பெருவிரல் பொத்தான்மேல் இருந்தது. எவ்வளவு நேரமாக அமத்திக்கொண்டிருந்தாரோ, விரல் நுனி இரத்தம் இல்லாமல் வெளுத்திருந்தது. நான் தலையைத் தூக்கி வைத்த பிறகும் விரல் பொத்தானை விடவில்லை. என் கையால்தான் பிரித்து எடுத்தேன்.

கீழே வந்து, இல்லத்தைப் பொறுப்பாக நடத்தும் பெண்ணிடம் சொன்னேன். நல்ல பிள்ளை, எந்த நேரமும் ஒரு கையில் போன் இருக்கும்.

"ஓம் அன்ரி, அந்தப் பெட்டி ரெண்டு மூண்டு நாளாச் சேட்டை விடுது. பகல் முழுக்க நிண்டால் பின்னேரம் இறுகிப்போகும். நிப்பாட்டிப் போடவேணும். போட்டால் சில பின்னேரம் வருது, சில பின்னேரம் வருகுதில்லை. காலமை போட்டால் ஒழுங்கா வந்திடும்."

"அப்ப இரவிலை?"

"நாங்கள் சுத்திச் சுத்திப் பாப்பம் அன்ரி. புதுப்பெட்டிக்குச் சொல்லியிருக்கு. இந்த மணி வேலை செய்யிறது இந்தப் பழசிலை மட்டும்தானாம், எல்லாத்தையும் மாத்தவேணுமாம். அதுவரைக்கும் எல்லாருக்கும் கைமணி வாங்கித் தந்திருக்கிறன்."

கைமணி என்றால் பூசைக்கு ஆட்டுகிற மணி. மற்ற அறைகளிலிருந்து அது கிணுகிணு என்று கேட்கும். என் வீட்டுக்காரரால் அதைத் தூக்க முடியாது. பின்னேரங்களில் வேலைக்கு நின்றது ஹெயிட்டி நாட்டுப் பிள்ளை ஒருத்தி, தனியாள். இரண்டு மாடிக்கும் அவள் ஒருத்திதான். எனக்கு அவளோடு கதைக்க வணக்கத்துக்கு போன்ஜூர், நன்றிக்கு மெர்சி என்ற இரண்டு சொற்கள்தான் இருந்தன. அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் அந்த இரண்டையும் சொல்லவே கூச்சமாக இருக்கும்.

அன்று பஸ்ஸில் வரும்போது கதவோடேயே நின்றேன். ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கித் திரும்பிப் போவோமா என்று நினைத்தேன். போனாலும் கதவு திறக்கமாட்டார்கள்.

அடுத்த நாள் காலை பெட்டியைத் திருத்த அவர் வந்தார். நடுத்தர வயது, நெற்றி ஏறிய தலை, யாழ்ப்பாணத்துப் பேச்சு. பனிச் சப்பாத்துக்குமேல் இல்லத்தில் கொடுக்கும் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, வாத்து மாதிரி நடந்து வந்தார். அங்கே எல்லோருக்கும் அவர் கம்பியூட்டர் அண்ணை. பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். எழுதலாமோ என்று அவரிடம் கேட்கவில்லை.

பெட்டியைப் போட்டார். வந்துவிட்டது. அறை நம்பர்கள் எல்லாம் பச்சையாக வரிசையில் நின்றன. நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளங்கையை வைத்தார். நிப்பாட்டினார்.

நான் இரண்டு படி இறங்கிவிட்டேன்.

திரும்பப் போட்டார். வந்தது. திரும்ப நிப்பாட்டினார். பொறுப்பான பிள்ளைக்கே பொறுக்கவில்லை.

"அண்ணை, வந்தால் விடுங்கோவன். ஆக்கள் மணி அடிக்கப்போகினம்."

"வருது பிள்ளை. ஆனா ஏன் வருதெண்டு எனக்குத் தெரியேல்லை."

"வந்தால் காணாதோ?"

"ஏன் வருதெண்டு தெரியாட்டி, ஏன் வராமல் விடுதெண்டும் தெரியாது."

வயரை மாற்றினார், போட்டார், நிப்பாட்டினார். நிலவறைக்குப் போய் வந்தார். மத்தியானம் வரைக்கும் பெட்டி ஒருமுறைகூடப் பிழை விடவில்லை. போகும்போது, சாமான் திருத்தினவர்கள் முகத்தில் இருக்கும் களை அவர் முகத்தில் இல்லை. செத்த வீட்டிலிருந்து போகிறவர்போலப் போனார்.

"ஒருக்காலாவது சரியெண்டு சொல்லிப்போட்டுப் போங்கோவன் அண்ணை" என்று அந்தப் பிள்ளை சிரித்தாள்.

"சரியெண்டு நான் சொல்லி என்ன. பெட்டி சொல்லட்டும்."

அன்று பின்னேரம் பெட்டி இறுகியது. நிப்பாட்டிப் போட்டார்கள். கறுப்பு. கோடு.

அவருடைய குணத்தைப் பற்றி அந்த இல்லத்தில் ஆளாளுக்கு ஒரு கதை இருந்தது. நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். குசினிக்கு வெளியே புகை மணிக்கு பற்றரி மாற்றச் சொல்லியிருந்தார்கள். மாற்றினார். கீழே உள்ள பொத்தானை அமத்தினார். வீடே அதிரக் கத்தியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு, முடிந்தது என்று நினைத்தோம். அவர் குசினிக்குள் போய் ஒரு துண்டுப் பாண் ரொட்டியை எடுத்து அடுப்பில் கருகவிட்டு, அந்தத் தட்டோடு மணிக்குக் கீழே வந்து நின்றார். "பொத்தான் சத்தத்தைத்தான் சோதிக்கும். இது புகையை மணக்குதோ எண்டு நான் பாக்கவேண்டாமே" என்றார். மணி மணந்துவிட்டது. மேல் மாடியில் ஒரு ஐயா, வீடு பற்றுகிறது என்று நினைத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கி வந்துவிட்டார். அவரைத் திரும்பக் கட்டிலில் படுத்த வைக்க நாலு பேர் வேண்டியிருந்தது. இவர் கருகின பாணோடு நின்று, "ஐயா நல்லா இறங்கி வாறார், பயப்பிடத் தேவையில்லை" என்று சொன்னார். நையாண்டியா உண்மையா என்று யாருக்கும் விளங்கவில்லை.

தேநீர்க் குடுவையை மூடினால் தன்னுடைய மடிக்குமேலேயே கவிழ்த்துப் பார்ப்பார். காரைப் பூட்டிவிட்டு வாசல் வரை வந்து, திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் பொறுப்பான பிள்ளை, "அண்ணி எப்பிடி உங்களோடை காலம் தள்ளுறா?" என்று சீண்டினாள்.

"அவவையும் ரெண்டுதரம் கட்டினனான். ஒருக்கா கோயிலிலை, ஒருக்கா சிற்றி ஹோலிலை பதிவுக்கு. ரெண்டுதரமும் ஓமெண்டவ."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நான் ஒரே ஒருமுறை அவரிடம் கேட்டேன். கேட்டதே எனக்கு ஆச்சரியம். அவர் படியில் குந்தியிருந்து வயர் நுனிக்குத் தலை பொருத்திக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொடுத்துவிட்டு, "ஏன் தம்பி நீங்கள் இப்பிடி?" என்றேன்.

அவர் வயரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஊரிலை ஒரு ஆசுப்பத்திரியிலை ஜெனறேற்றர் திருத்தினனான் அம்மா. ஒருக்கா ஓடினது. நேரம் போயிட்டுதெண்டு வீட்டை வந்திட்டன்."

பிறகு தேநீரைக் குடித்தார். மிச்சம் கேட்காமலே தெரிந்ததுபோல் இருந்தது.

காலையில் வந்து பார்த்தால் பெட்டி தன்னை ஏமாற்றுகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு பின்னேரத்திலேயே வந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த பெட்டி இறுகிக் கிடந்தது. அவர் நிப்பாட்டிப் போட்டார். கறுத்த திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. நாலைந்து வரி வந்து நின்றது. கோடு மின்னத் தொடங்கியது.

இங்கேதான் எனக்கு அவர்மேல் முதன்முதலாகக் கோபமே வந்தது. அவர் முகம் மலர்ந்திருந்தது.

"வந்திட்டுது" என்றார்.

"என்ன வந்தது? ஒண்டும் வரேல்லையே தம்பி."

"பிழை வந்திட்டுது அம்மா. இஞ்சை பாருங்கோ." திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். எழுத்து எனக்குத் தெரியாது, இலக்கம் தெரியும். "எங்கடை பெரிய பெட்டி குடுக்கிற நம்பர் பத்திலை தொடங்கும். இது நூற்றுத் தொண்ணூற்றிரண்டிலை தொடங்குது. இந்தப் பெட்டி கூப்பிடுது, பதிலும் வருது. ஆனா பதில் சொல்லுறது வேறை ஆரோ. இந்த வீட்டுக்குள்ளை ரெண்டு பேர் பதில் சொல்லினம். ஆர் முந்திச் சொல்லுறாரோ, இந்தப் பேய்ப் பெட்டி அவரின்ரை சொல்லைத்தான் கேக்கும். அவரிட்டை நம்பர் இருக்கு, குடுக்க வேலை இல்லை. நம்பரை வாங்கிக்கொண்டு இது வேலை வருமெண்டு பாத்துக்கொண்டே நிக்குது."

வீட்டுக்குள் தெரியாத யாரோ இருக்கிறார் என்று அவர் சாதாரணமாகச் சொன்னது எனக்குக் குளிர் ஏற்றியது. மாடியைத் திரும்பிப் பார்த்தேன். மேலே என் மனுசன் இப்போது விரலை அமத்திக்கொண்டிருப்பார்.

"நான் மேலை போறன் தம்பி."

"போகாதேங்கோ அம்மா. எனக்கு ஒரு ஆள் வேணும். நான் நிலவறையிலை ஒவ்வொரு அறை வயராக் கழட்டுவன். நீங்கள் இந்தப் பெட்டியை நிப்பாட்டி நிப்பாட்டிப் போடுங்கோ. பச்சை வந்தால் கூப்பிடுங்கோ."

ஹெயிட்டிப் பிள்ளை மேலே யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பொறுப்பான பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள். நான்தான் இருந்தேன். வாழ்க்கையில் கம்பியூட்டரைத் தொடாத விரலால் அந்தப் பொத்தானை அமத்தினேன். கறுப்பு. கோடு. அமத்தினேன். கறுப்பு. கோடு. கீழேயிருந்து ஒவ்வொரு முறையும் அவர் குரல் வரும்.

"என்ன நிறம்?"

"கறுப்புத் தம்பி."

"போடுங்கோ திருப்பி."

திடீரென்று எழுத்து நிற்காமல் ஓடியது. திரை நிறைய ஓடியது. அறை நம்பர்கள் பச்சையாக வந்தன. அதோடு ஒரு அறை, எங்களுடையது இல்லை, சிவப்பாகி, பெட்டி கீக் என்று கத்தியது. நான் கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் மேல் மாடியில் ஒரு கதவு திறந்து, என் குரலை அமுக்கிக்கொண்டு இன்னொரு குரல் வந்தது.

"ஆர் என்ரை செபத்தை வெட்டினது?"

என் வீட்டுக்காரரின் அறைக்கு எதிர் அறையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். கத்தோலிக்கர். நல்ல உரமான குரல். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு சின்னத் திரையில் தன் மகள்மாரோடு சேர்ந்து செபமாலை சொல்லுவார். ஒரு மகள் நோர்வேயில், ஒரு மகள் ஆஸ்திரேலியாவில். செபம் முடிந்தாலும் கதை முடியாது, நித்திரை வரும்வரை போகும். அவர் படியின் தலைப்பில் செபமாலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

கம்பியூட்டர் அண்ணை நிலவறையிலிருந்து ஓடி வந்தார். "அம்மா, உங்கடை அறையை நான் ஒருக்காப் பாக்கலாமே?"

"பொம்பிளையளின்ரை அறைக்குள்ளை ஆம்பிளை தனிய வாறேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். நான்தான் முன்னால் போனேன்.

மாதா படத்துக்கு முன்னால் மின்சார மெழுகுதிரி இரண்டு எரிந்துகொண்டிருந்தன. உண்மைத் திரி கொளுத்த அங்கே விடமாட்டார்கள். அதன் கீழே, படத்துக்கு விரித்திருந்த வெள்ளைத் துணிக்குள்ளே, ஒரு சின்ன இன்ரநெற் பெட்டி பச்சையாக மினுங்கியது. பழையது. மகன் தன் வீட்டில் கழற்றி வைத்திருந்ததைக் கொண்டுவந்து சுவரில் வரும் இல்லத்து இன்ரநெற் வயரோடு பூட்டிவிட்டாராம், அறைக்குள் திரை நன்றாக வரட்டும் என்று. ஊரிலே என்றால் சுவரில் உள்ள ஒவ்வொரு கரண்டுத் துளைக்கும் சுவிட்ச் இருக்கும். இங்கே இல்லை. வேலை முடிந்ததும் கரண்டை நிப்பாட்டாவிட்டால் அந்த அம்மாவுக்கு நித்திரை வராது. ஆகவே மகன் சுவிட்ச் வைத்த நீளக் கரண்டுப் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். மெழுகுதிரியும் அதில்தான், அந்தச் சின்னப் பெட்டியும் அதில்தான். செப நேரத்துக்குப் போடுவார், படுக்கும்போது நிப்பாட்டுவார். பகல் முழுவதும் அந்தச் சின்னப் பெட்டி உயிரில்லாமல் கிடக்கும்.

கம்பியூட்டர் அண்ணை குனிந்து பார்த்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டார்.

"பின்னேரம் மட்டும்" என்றார் தனக்குள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "சில நாள் மகள்மாரின்ரை முகம் வாறேல்லை, என்ன?"

"ஓம், வராது. சாத்தான்ரை வேலை."

"சாத்தான் இல்லை அம்மா. மகன் வயரைப் பிழையான ஓட்டையிலை குத்திப்போட்டார். நிறம் வேறையா ஒண்டு இருக்கு, அதிலை குத்தவேணும். இவர் பக்கத்திலை உள்ளதிலை குத்தினதாலை இந்தக் குட்டிப் பெட்டி வீடு முழுக்க நம்பர் பகிருது."

"என்ரை மகன் இஞ்சினியர்" என்றார் அந்த அம்மா.

"அதுதான் நல்லா இறுக்கிக் குத்தியிருக்கிறார்."

வயரைச் சரியான துளைக்கு மாற்றினார். நிலவறையில் கழற்றினதையும் திரும்பப் பூட்டினார். மேசையில் பெட்டியை நிப்பாட்டிப் போட்டார். பச்சை வந்தது. திரும்ப. பச்சை. மேலே மகள்மாரின் முகமும் வந்து, விட்ட இடத்திலிருந்து மங்கள வார்த்தைச் செபம் தொடர்ந்தது. நான் படியில் குந்திவிட்டேன்.

அவர் மேலே ஏறி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். "அம்மா, ஒரு வேலை. நான் கீழை போய் நிக்கிறன். நீங்கள் உள்ளை போய் அந்த வயரைப் பழைய ஓட்டையிலையே திரும்பக் குத்துங்கோ."

நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்குத் தம்பி?"

"பிழை திரும்ப வருதோ பாக்கவேணும். வந்தால்தான் அதுதான் பிழை. வராட்டி நான் வேறை எதையோ தொட்டதிலை தற்செயலா வந்திருக்கு. நாளைக்குப் பின்னேரம் திரும்பப் போம்."

"இப்ப வேலை செய்யுது. விட்டுவிடுங்கோ தம்பி. கையெடுத்துக் கும்பிடுறன்."

"நான் விட்டிட்டுப் போனால், இண்டைக்கு பஸ்ஸிலை உங்களுக்கு நிம்மதியா இருக்குமே?"

நான் எழுந்தேன்.

அந்த அம்மாவின் அறைக்குள் போனேன். அவர் செபத்தை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார். எதிர்க் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து என் வீட்டுக்காரரின் கால் போர்வைக்குள் மேடாகத் தெரிந்தது. என் மனுசனின் வாயை என் கையாலேயே பொத்துகிற வேலை இது என்று நினைத்தேன். வயரைக் கழற்றினேன். பழைய துளையில் குத்தினேன். கிளிக் என்ற சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது.

கீழே அவர் பெட்டியை நிப்பாட்டிப் போடுகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. நீளமாக ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்து நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"கறுப்பு" என்றார் அவர் கீழேயிருந்து. அவர் குரலில் அவ்வளவு சந்தோசத்தை நான் அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. "இப்ப மாத்துங்கோ அம்மா."

மாற்றினேன். பச்சை என்றார். என்னை இன்னொருமுறை மாற்றிக் குத்தச் சொன்னார். குத்தினேன். கறுப்பு. சரிப்படுத்தினேன். பச்சை. அதற்குப் பிறகுதான் அவர், "சரி" என்று சொன்னார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அன்றைக்கு மட்டும்தான். கேட்க வேறு யாரும் அங்கே இல்லை.

நான் என் வீட்டுக்காரரின் கட்டிலடிக்கு ஓடினேன். "இஞ்சை பாருங்கோ, மணி சரிவந்திட்டுது. அமத்துங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். விரல் அசையவில்லை. விரல் பொத்தானில் இல்லை என்பதையே அப்போதுதான் கண்டேன். பொத்தானை விட்டுத் தள்ளி, போர்வைமேல் சுருட்டி வைத்திருந்தார்.

விரலை எடுத்துப் பொத்தான்மேல் வைத்தேன். அவர் எடுத்துவிட்டார். திரும்ப வைத்தேன். திரும்ப எடுத்துவிட்டார். கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று அவர் பழகிவிட்டார். கழுத்து மடிந்து கிடந்த நாளைவிட அதிகமாக அப்போதுதான் நான் பயந்தேன். பெட்டியைத் திருத்திவிட்டார்கள், இனி இவரை யார் திருத்துவது.

கம்பியூட்டர் அண்ணை அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கிட்ட வந்தார். "ஐயா, ஒருக்கா அமத்துங்கோ" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி ஐயா. நான் கீழை மேசையிலை இருக்கிறன். வேலை ஒண்டும் இல்லை எனக்கு." என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்கள் விரலைத் தொடாதேங்கோ. அவராக் கூப்பிடவேணும்."

கீழே போனார். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

என் பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிருக்கும். எதிர் அறையில் செபமாலை முடிந்து, மகள்மாரோடு மீன் குழம்பைப் பற்றிக் கதை நடந்தது. யன்னலில் பனி ஒட்டியது. நான் கையை மடிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். தொடக் கூடாது என்று சொன்னதால் விரல்களை ஒன்றோடொன்று கோர்த்து இறுக்கிக்கொண்டேன். கீழே அவர் ஒரு தும்மல் தும்மினார். இன்னும் இருக்கிறார் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். முகத்தைச் சுவரிலிருந்து மெல்லத் திருப்பினார். கதவைப் பார்த்தார். போர்வைமேல் இருந்த விரல் நகர்ந்தது. நகர்ந்து நின்றது.

கீழே பெட்டி கீக் என்றது.

படிகள் கிரீச்சிட்டன. அவர் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். "ஐயா, கூப்பிட்டியளோ?"

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்தார். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். பாதிப் படி இறங்கியிருப்பார், பெட்டி திரும்பவும் கத்தியது.

"வாறன் ஐயா" என்று சொல்லிக்கொண்டு அவர் திரும்பி ஏறி வந்தார்.

அவரை அனுப்பிவிட்டு இன்னொருமுறை அமத்தினார் என் வீட்டுக்காரர். பிறகு இன்னொருமுறை. ஒவ்வொரு முறையும் கண்ணைக் கதவில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் அலுக்காமல் வந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். பிறகு வந்தது அவர் இல்லை, ஹெயிட்டிப் பிள்ளை. ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். என் வீட்டுக்காரர் அவளையும் நன்றாகப் பார்த்தார். அவள் தலையணையைச் சரிசெய்தாள். அவர் நித்திரைக்குக் கண்ணை மூடினார்.

நான் எழுந்து கோட்டைப் போட்டேன்.